முப்பத்திரண்டாவது மேற்படி

தீர்த்தம்மாள் அக்காவோடு பஸ்ஸில் போவதைப் போல ஒரு கழுத்தறுப்பு உலகத்தில் கிடையாது. அதியமான்கோட்டையில் ஏறினால் தருமபுரி போய்ச் சேரும்வரை வழியில் இருக்கிற போர்டுகளை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிப்பாள். "மு...ரு...கன்... ட..." என்று இவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் டயர் கடையைத் தாண்டி பேக்கரிக்குப் போயிருக்கும். "அட, பாதியிலயே போயிருச்சு பாருடி பானு" என்று என்னிடம் குறைப்படுவாள், நான் என்னவோ ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெரு. என் பெயர் பானுமதி, வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் என் வீட்டு வாசலைத் தாண்டாது. நாலு பேர் கூடின இடத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த காரியம் அப்படி.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயசு. சின்ன வயசில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டில் பதினெட்டு ஆடு இருந்தது, மேய்க்க ஆள் வேண்டும். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். புருஷன் தமிழ்மணி லோடு வண்டி ஓட்டுகிறார். ஊர்த் தக்காளியைப் பாலக்கோட்டு மண்டிக்குக் கொண்டு போகிற வண்டி. ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பையன் அன்பு, நாலாம் வகுப்பு படிக்கிறான். என் மகன் தமிழ்ச்செல்வனும் அதே வகுப்புதான்.

அவளை ஏதோ புரட்சிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் செய்ததைத்தான் அவளும் செய்வாள். ஒரு வருஷம் யாரோ ஒருத்தர் தக்காளியில் நன்றாக எடுத்தார் என்று மறுவருஷம் ஊரே தக்காளி நட்டது. அவளும் நட்டாள். பிறகு விலை விழுந்து எல்லோரும் பறித்ததை ரோட்டோரத்தில் கொட்டினார்கள். அவளும் ஒரு வண்டி கொட்டினாள். மாரியம்மன் பண்டிகைக்குப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. போன வருஷம் கத்திரிப்பூ நிறம். அது அவளுக்குக் கொஞ்சமும் எடுக்காது, எனக்கும் எடுக்காது. அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்தவள் நான். அளவு கொடுக்க வந்த ஒவ்வொருத்தியும் என் காதோரம் வந்து, "எனக்கு இந்தக் கலரே புடிக்கல பானு, எல்லாரும் எடுக்கறாங்களேன்னு எடுத்தேன்" என்றாள். அப்படியானால் பிடித்து எடுத்தவள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா அசைய மாட்டாள். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள்.

அதற்குக் காரணம் ஒரு குழாய். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வார்டு மெம்பர் கருப்பண்ணன் ஒரு காகிதத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தார். இப்போது அவர் மெம்பர் இல்லை. ஆனாலும் ஊருக்கு அவர் மெம்பர்தான். "தண்ணி பைப்பு விசயம். எல்லாரும் போட்டுட்டாங்க, நீயும் ஒரு ரேகை வெச்சிரு தீர்த்தா" என்றார். அக்கா கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள். நான் கையெழுத்தே போட்டேன். பத்தாவது வரை படித்தவள் நான், அந்தக் காகிதத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. எல்லோரும் போட்டுவிட்டார்களே. மறுமாசம் எங்கள் தெருக் குழாயைப் பிடுங்கி அவர் தெருவில் நட்டார்கள். எங்களுக்குக் குழாய் வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோமாம்! வீட்டு இணைப்பு வருகிற வரைக்கும் இரண்டு வருஷம், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு நடந்தோம். "எங் கட்டவெரலே எனக்குத் துரோகம் பண்ணிருச்சுடி" என்று அக்கா நடு ரோட்டில் குடத்தை வைத்துவிட்டு அழுதாள்.

அந்த ஆத்திரம்தான் அவளைப் படிக்க வைத்தது. மறுவருஷம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பெரியவர்களுக்குச் சாயங்கால எழுத்தறிவு வகுப்பு வந்தது. சொல்லிக்கொடுத்தவள் சுசித்ரா. பிளஸ் டூ முடித்தவள். காலனிப் பெண். எங்கள் தெருவிலிருந்து பதினோரு பெண்கள் போய் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து 'அ' போட வைத்தாள். அப்போது யாருக்கும் எந்தத் தீட்டும் ஞாபகம் வரவில்லை. ஆறே மாசத்தில் அக்கா தன் பெயரையும் புருஷன் பெயரையும் ரேஷன் கடை போர்டையும் படித்துவிட்டாள்.

ஒரு நாள் மகளிர் குழு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய், "இந்த மேற்படி மேற்படின்னு போட்டிருக்காங்களே, அப்படின்னா என்ன சுசித்ரா?" என்று கேட்டாள். எங்கள் ஊர் ஆண்களுக்கு மேற்படி என்றால் பாட்டிலில் வருவது. கூட இருந்த பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுசித்ராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மேல எழுதியிருக்கறதேதான் இங்கயும்னு அர்த்தம்ங்கக்கா. மேலே படின்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, மறக்காது" என்றாள்.

அவ்வளவுதான், அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மேற்படி என்றால் மேலே படி. அது அவளுக்கு ஒரு உத்தரவு. எந்த நோட்டில் அந்த வார்த்தையைப் பார்த்தாலும் விரலை வைத்து மேலே போவாள், இருப்பதை முழுசாகப் படிப்பாள், பிறகு அதையே தன் வரியில் முழுசாக எழுதுவாள். நாங்கள் எல்லோரும் மேற்படி என்று கிறுக்கிவிட்டு எழுந்துபோகிற இடத்தில் இவளுக்கு அரை மணி நேரம் ஆகும். அதனாலேயே எந்தக் கூட்டமானாலும் பேனா இவளிடம் கடைசியாகத்தான் வரும். "அவகிட்ட கடைசியா குடுங்க, நாமளாச்சும் வூட்டுக்குப் போவலாம்" என்பார்கள்.

இப்போது பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு. சமைத்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டுப் போனதும், இந்த ஜூனில் சுசித்ராவை வைத்தார்கள். அவள் மகளிர் குழுவில் இருக்கிறாள், அவள் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சட்டப்படி எல்லாம் சரி. இந்த வேலையை நம்பித்தான் அவள் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்திருந்தாள். முதல் வாரம் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். "பொங்கல் சூப்பரா இருக்குதும்மா, நீயும் கத்துக்கோ" என்று என் மகன் என்னிடமே சொன்னான்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை மெம்பர் பேரன் வீட்டிலிருந்து டிபன் டப்பா கொண்டுவந்தான். செவ்வாய்க்கிழமை அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை நானும் டப்பா கட்டினேன். யாரும் என்னைக் கட்டச் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை! தெருவில் எல்லோர் பிள்ளையும் டப்பாவோடு போகும்போது என் பிள்ளை மட்டும் கையை வீசிக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன், நானே கட்டினேன். தீர்த்தம்மாள் அக்காவும் கட்டினாள். பள்ளியில் மொத்தம் முப்பத்தொன்பது பிள்ளைகள். கடைசியில் பள்ளியில் சாப்பிட்டது காலனிப் பிள்ளைகள் ஐந்து பேர்தான். சுசித்ரா பெரிய குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து பேருக்கு ஒரு சின்னச் சட்டியில் சமைத்தாள்.

அவள் கையால் எழுத்து வரலாம், உப்புமா வரக்கூடாது. இது என்ன நியாயம்? இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள். முதலில் என் மேல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். தலைமை ஆசிரியர் ஆரோக்கியராஜ் சார் நல்ல மனுஷன், ஆனால் ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருந்தது. எதிலும் மாட்டிக்கொள்ளாமல் போய்விட வேண்டும் என்று இருந்தார். "சாப்பாட்டப் பத்தி பெத்தவங்க கருத்த எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க. எழுதுங்க, நான் அப்படியே யூனியன் ஆபீஸுக்கு அனுப்பிடறேன்" என்று நோட்டை மேஜையில் வைத்தார். ஊரே வேண்டாம் என்று எழுதினால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பத்திரண்டு பேர் வந்திருந்தோம். காலனிப் பெற்றோர் யாரும் வரவில்லை. வாட்ஸப் குரூப்பில் போட்டோம் என்றார்கள். அவர்கள் அந்தக் குரூப்பிலேயே இல்லை. சுசித்ரா மட்டும் வகுப்பறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஒரு பிள்ளைக்கு அம்மாதான். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

எந்த நோட்டிலும் முதல் வரி மெம்பருக்குத்தான். அவரைக் காணோம். ராஜாமணி போன் போட்டான். அவன் மெம்பருக்கு வலது கை. போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

"தொப்பூர்ல லாரி ஒண்ணு படுத்துக்கிச்சு. ஒன்னரை மணி நேரமா வண்டி நவுரல" என்று மெம்பர் கத்தினார். "நீங்க எனக்கு மொத வரிய வுட்டுட்டு, கீழ எல்லாரும் மேற்படின்னு போட்டுக் கையெழுத்துப் போட்டு வைங்க. வார்த்தைய நான் வந்து பாத்து எழுதிக்கறேன். எவனாச்சும் சாதி கீதின்னு எழுதித் தொலைச்சிராதீங்க, கேஸாயிரும்!"

சாருக்கும் இது கேட்டது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜாமணி முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியில் பெயரை எழுதி, மேற்படி என்று போட்டுக் கையெழுத்து வைத்தான். அடுத்து பச்சியப்பன், மேற்படி. அடுத்து கலைமணி, மேற்படி. நோட்டு ஓடியது. ஒன்பதாவது வரி என்னுடையது. எழுதும்போது கதவுப் பக்கம் பார்க்காமல் எழுதினேன். மேற்படி. பேனாவை அடுத்த ஆளிடம் தள்ளினேன். முப்பத்திரண்டாவது வரி நிறைந்தபோது முப்பத்தொரு மேற்படி இருந்தது, மேலே ஒரு வெற்று வரி இருந்தது.

கடைசியாக நோட்டு தீர்த்தம்மாள் அக்காவிடம் வந்தது. எல்லோரும் எழுந்துபோகத் தயாரானார்கள். அக்கா கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"மேற்...படி" என்று படித்தாள். விரல் ஒரு வரி மேலே போனது. "மேற்...படி." இன்னொரு வரி. "இங்கயும் மேலே படின்னுதான் போட்டிருக்குது."

"ஆரம்பிச்சுட்டாடா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கண்டுகொள்ளவில்லை. விரல் ஒவ்வொரு வரியாக ஏறியது. இருபதாவது வரி, பதினைந்தாவது வரி. என் வரிக்கு வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கலைமணி, பச்சியப்பன், ராஜாமணி என்று போய் விரல் உச்சி வரியில் நின்றது.

"மேல ஒண்ணுமே இல்லீங்களே சார்!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"அது மெம்பர் வந்து எழுதுவாரு" என்றான் ராஜாமணி. "நீ போட்டுட்டுப் போக்கா."

"என்ன எழுதுவாரு?"

"அது... அவரு பாத்து எழுதுவாரு."

"அவரு என்ன எழுதப்போறாருன்னு தெரியாமயே இத்தனி பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? பைப்புக் கதை பத்தாதா?" அக்காவுக்குப் பயம்தான். மெம்பர் தோட்டத்துத் தக்காளியும் அவள் புருஷன் வண்டியில்தான் போகிறது. ஆனாலும் நோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி பானு, சுசித்ரா சாப்பாடு உம் புள்ளைக்கு ஆவாதா?"

இத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? "எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்கள்லாம்..." என்று இழுத்தேன்.

"நாங்கள்லாம்னா யாரு? நானும் உன்னப் பாத்துத்தான் டப்பா கட்டினேன். கலைமணி, உனக்கு ஆவாதா?"

கலைமணி தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வூட்ல பையன் தெனமும் பொங்கல்தான் கேக்கறான். பக்கத்து வூட்ல தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு..." என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் பச்சியப்பன். அவர் நிமிர்ந்து, "நான் எங்கம்மா நெனச்சேன்? நீங்க நெனப்பீங்கன்னுல்ல நான் இருந்தேன்!" என்றார். எனக்குக் கத்திரிப்பூ ஜாக்கெட்டுகள் ஞாபகம் வந்தன. யாருக்கும் பிடிக்காத சேலையை ஊரே கட்டிக்கொண்டு நிற்கிறது.

அக்கா பேனாவை எடுத்தாள். கீழே முப்பத்து மூன்றாவது வரிக்குப் போகவில்லை. உச்சி வரியில் வைத்தாள்.

"ஐயோ அக்கா, அது மெம்பர் வரி!" என்று ராஜாமணி பாய்ந்தான்.

"அவரு பேரு எங்க போட்டிருக்குது? காட்டு" என்றாள். ராஜாமணி காட்டவில்லை, எங்கே காட்டுவான்?

தன் பெயரை எழுதினாள். பிறகு கருத்து என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எழுதின இரண்டாவது எழுத்திலேயே நின்றுவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி, "ஏம்மா சுசித்ரா, உம் பேருல த் வருமா, வராதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தோம். மூன்று மணியிலிருந்து அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"வருங்கக்கா" என்றாள் சுசித்ரா.

அக்கா எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, நோட்டை சாரிடம் நகர்த்தினாள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "சுசித்ராவே சமைக்கட்டும். என் பிள்ளை சாப்பிடும்." பிறகு அவர் பேனாவால் கீழே ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். "மேற்படி. மேற்படி. மேற்படி..." முப்பத்தொன்றும் தட்டினார். தட்டத் தட்ட அந்த மனுஷன் முதுகு நிமிர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "நீங்க மொத வரி தெரியாமப் போட்ட கையெழுத்து இது. அத நான் அப்படியே அனுப்ப மாட்டேன். மாத்தணும்னு நெனக்கறவங்க உங்க மேற்படிய அடிச்சுட்டு, ஏன் வேணாங்கறத உங்க சொந்த வார்த்தைல எழுதிக் கையெழுத்துப் போடலாம். பேனா இங்க இருக்குது."

மேஜை மேல் பேனா கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. ராஜாமணி எங்களைப் பார்த்தான், நாங்கள் ராஜாமணியைப் பார்த்தோம். தொட்டால் ஒற்றையாளாகத் தெரியும். சொந்த வார்த்தை என்று எழுதப்போனால் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு காரணமே யாரிடமும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மெம்பர் உள்ளே வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. "தொப்பூர் ரோடா அது, எமலோகம். எங்க நோட்டு?" என்று கையை நீட்டினார். சார் கொடுத்தார். மெம்பர் முதல் வரியைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார் இது?"

"பெத்தவங்க கருத்துங்க. மாத்திக்கச் சொல்லிக் கேட்டேன், யாரும் மாத்தலீங்க" என்றார் சார். "உங்களுக்கு முப்பத்து மூணாவது வரி இருக்குது. வேற கருத்துன்னா காரணத்தோட எழுதுங்க, அனுப்பிடறேன்."

மெம்பர் ராஜாமணியைப் பார்த்தார். ராஜாமணி தன் செருப்பைப் பார்த்தான். பச்சியப்பனைப் பார்த்தார், கலைமணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கு என்னவோ குனியவில்லை. ஒரே ஒருத்தர் தலையாட்டியிருந்தால் அவர் எழுதியிருப்பார் என்று எனக்கு இன்றும் நிச்சயம். யாரும் ஆட்டவில்லை. முப்பத்திரண்டு பேருக்குக் கீழே தனியாக ஒரு வரி அவருக்காகக் காத்திருந்தது. இத்தனை வருஷம் ஊரை மேற்படி போட வைத்த மனுஷனுக்குத் தனியாக ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லை. பேனாவை எடுத்தார். பெயரை எழுதினார். பக்கத்தில் மேற்படி என்று போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"மேல படிச்சுட்டுத்தானே போட்டீங்க மாமா?"

"படிச்சுட்டேன், படிச்சுட்டேன்" என்று மெம்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவோரத்திலிருந்து சுசித்ரா மெதுவாகக் கேட்டாள். "சார், திங்கக்கிழமைக்கு எத்தனி பேருக்கு ரவை போடட்டுங்க?"

சார் எங்களைப் பார்த்தார். எல்லோரும் யாராவது முதலில் சொல்லட்டும் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. முதல் தடவையாக அது வாசலைத் தாண்டியது.

"முப்பத்தொம்பது பேருக்கும் போடு சுசித்ரா" என்றேன். "பெரிய குண்டான எடு. அப்புறம் இப்படி உள்ள வந்து உக்காரு, நீயும் கையெழுத்துப் போடணும்."